நாலு எழுத்து, ஏழு எண்

(பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஞாயிறு மாலை, குறைந்த மார்க்கோடு பட்டம் முடித்து வேலை தேடும் இளைஞர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் கரகரக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். வெளியே துறைமுகத்து கன்டெய்னர் ட்ரெய்லர் லாரி போகும்போது நிறுத்திவிட்டு, அது போன பிறகு பேசுகிறேன். நம்ம பக்கம் கூட்டம் போட்டால் அதற்கும் சேர்த்துத்தான் நேரம் ஒதுக்க வேண்டும்.

என்னைக் கூப்பிட்ட தம்பி, "அண்ணே, சாதனையாளர்னு நோட்டீஸ்ல போடட்டுமா?" என்றார். "வேணாம்ப்பா, பி.காம்., 46 சதவீதம், மூன்றாம் வகுப்புன்னு போடு, கூட்டம் வரும்" என்றேன். அவர் போடவில்லை. இருந்தும் வந்திருக்கிறீர்கள்.

எனக்கு மொத்தம் ஆறு அரியர். புள்ளியியலை மட்டும் மூன்று தடவை எழுதினேன். விடியற்காலை காசிமேட்டில் ஐஸ் பெட்டி ஏற்றிவிட்டு வகுப்பில் போய்த் தூங்கினேன் என்பது உண்மை. தூங்காத நாளிலும் படிக்கவில்லை என்பது அதைவிட உண்மை. இந்த இரண்டாவது உண்மையை வாய்விட்டுச் சொல்ல எனக்கு நாலு இன்டர்வியூ ஆனது.

மார்க் ஏன் குறைவு என்று கேட்டதற்கு முதல் மூன்றிலும் கதை சொன்னேன். வீட்டில் கஷ்டம், காலேஜ் சரியில்லை, பேப்பர் திருத்தினவர் சரியில்லை. கதை நீள நீள எதிரில் இருப்பவர் பேனாவை மூடி வைத்துவிடுவார். மூன்றிலும் மூடினார்கள். நாலாவது இடத்தில் கேட்டபோது, "படிக்கலை சார். கடைசி வருஷம் பயம் வந்துச்சு. மிச்சம் இருந்த எல்லாத்தையும் ஒரே வருஷத்துல முடிச்சிட்டேன்" என்றேன். அவ்வளவுதான். அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். வேலை கிடைத்த இடம் அது.

பெரிய கம்பெனிகள் பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி எல்லாவற்றிலும் 60 சதவீதம் கேட்கிறார்களே என்பீர்கள். அது சல்லடை. ஆயிரக்கணக்கில் வருகிற விண்ணப்பத்தைப் படிக்க ஆள் இல்லாதவர்கள் வைத்திருப்பது. அதில் விழுந்துவிட்டோமே என்று அதன் அடியிலேயே உட்கார்ந்து அழுவதில் பிரயோஜனம் இல்லை. கேட்காத வாசல்கள் இருக்கின்றன. குரூப் 2 தேர்வுக்குப் பட்டம் வேண்டும், அதில் எத்தனை வாங்கினாய் என்ற கேள்வி இல்லை. குரூப் 4-க்குப் பத்தாவது போதும். 200 கேள்வி, அதில் 100 தமிழ். ஸ்டேட் பேங்க் கிளார்க் வேலைக்கும் பட்டம் இருந்தால் போதும். ஆனால் ரிசர்வ் வங்கி உதவியாளருக்குப் பொதுப் பிரிவில் 50 சதவீதம் கேட்பார்கள், அறிவிப்பை முழுக்கப் படியுங்கள். இதோ பக்கத்தில் சர் தியாகராயா கல்லூரி வளாகத்திலேயே அரசு இலவசப் பயிற்சி மையம் நடத்துகிறது. தேர்வு பற்றி இதற்கு மேல் நான் பேசினால் பொய். நான் எழுதி ஜெயித்தவன் இல்லை.

எனக்குத் தெரிந்தது இந்த ட்ரெய்லர். (சிரிப்பு)

என் தாத்தா பெரம்பூர் பின்னி மில்லில் இருந்தார். 1918-லேயே தொழிற்சங்கம் கண்ட இடம். அங்கே தாத்தா பெயரைச் சொல்லி மாமாவுக்கும் வேலை கிடைத்தது. மார்க்‌ஷீட்டை யாரும் கேட்கவில்லை. 1996-ல் மில்லை மூடினார்கள். எனக்குச் சொல்லப் பெயர் இல்லை. காட்ட மார்க்கும் இல்லை.

வேலை கிடைத்தது லிங்கிச் செட்டித் தெருவில், இரண்டாவது மாடியில், ஒரு கிளியரிங் ஆபீஸ், அதாவது சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தருகிற இடம். 2007. சம்பளம் 3,500. நம்ம ரோட்டில் தூசி கிளப்பிக்கொண்டு போகிறதே கன்டெய்னர், அது ஒவ்வொன்றுக்கும் பின்னால் சுங்கத்துறைக்குக் கொடுக்கிற காகிதம் உண்டு. இறக்குமதிக்கு பில் ஆஃப் என்ட்ரி, ஏற்றுமதிக்கு ஷிப்பிங் பில். தாக்கல் செய்வதற்கு முன்னால் செக்லிஸ்ட் எடுத்துச் சரிபார்க்க வேண்டும். சீனியர் உரக்க வாசிப்பார், நான் விரல் வைத்துப் பார்ப்பேன். ஒரு நாள் கன்டெய்னர் எண்ணில் 6-க்கு 8 என்று போயிருந்தது. என் விரல் அதைத் தாண்டிப் போய்விட்டது. பெட்டி துறைமுகத்தை விட்டு நகரவில்லை. திருத்தம் போட்டு முடிப்பதற்குள் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், ஏறிவிட்டது.

சீனியர் திட்டவில்லை. ஒரு தாளை எடுத்தார். "இந்த நம்பர்ல நாலு எழுத்து, ஏழு எண். கடைசி எண் சும்மா இல்ல, முன்னாடி இருக்கிற பத்துக்கும் அது காவல்காரன்" என்றார். எழுத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. ஏ என்றால் 10, பி என்றால் 12. முதல் இடத்தை ஒன்றால், அடுத்ததை இரண்டால், பிறகு நாலு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே பெருக்கு. எல்லாம் கூட்டி 11-ஆல் வகு. மீதிதான் கடைசி எண். மீதி 10 வந்தால் பூஜ்யம். ஒரு எண் தப்பாக விழுந்தாலும் பெரும்பாலும் மீதி இடிக்கும், மாட்டிக்கொள்ளும்.

புள்ளியியலில் மூன்று முறை விழுந்தவன், பஸ் ஸ்டாப்பில் நின்று, சிக்னலில் நிற்கிற பெட்டியின் கதவைப் பார்த்துக் கணக்குப் போட ஆரம்பித்தேன். இரண்டு மாதத்தில் ஆபீசில் செக்லிஸ்ட் கடைசியாக என் மேஜைக்கு வரத் தொடங்கியது. என்ன படித்தாய் என்று அதற்குப் பிறகு அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், செய்த வேலை சரியா தப்பா என்பது அன்றைக்கே தெரிந்துவிடுகிற இடமாகப் பாருங்கள். கணக்கு எழுதுவதோ, கிடங்கில் சரக்கு எண்ணுவதோ, சாஃப்ட்வேர் சோதிப்பதோ, எதுவானாலும். கிளியரிங் வேலையை நான் விற்க வரவில்லை. மாதக் கடைசியில் ராத்திரி பத்து மணி ஆகும். முதல் இரண்டு வருடச் சம்பளத்தைச் சொந்தக்காரர்களிடம் சொல்ல முடியாது. ஆனால் அங்கேயும் படி இருக்கிறது. கிளியரிங் ஆபீஸ் ஊழியருக்குச் சுங்கத்துறை கொடுக்கிற ஜி கார்டுக்குத் தேர்வு எழுதலாம், நான் எழுதினேன். பட்டதாரியாக இருந்து ஜி கார்டோடு இரண்டு வருட அனுபவம் இருந்தால், சொந்த லைசென்ஸுக்கான எஃப் கார்டு தேர்வு. சுங்கத் தரகர் உரிமத்துக்கான 2018 விதியில் 'பட்டதாரி' என்றுதான் இருக்கிறது, சதவீதம் இல்லை.

ஒரு கோபம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். காசு வாங்கிக்கொண்டு போலி அனுபவச் சான்றிதழ் கொடுக்கிறவர்கள் நம்ம தெருவுக்கும் வந்துவிட்டார்கள். பி.எஃப். கணக்கைத் திறந்தால் நீங்கள் எங்கே, எந்த மாதம் வேலை பார்த்தீர்கள் என்று கம்பெனிக்குத் தெரிந்துவிடும். குறைந்த மார்க்குக்கு இன்னொரு வாசல் உண்டு. திருட்டுக் காகிதத்துக்கு இல்லை.

முன்வரிசையில் ஒரு பெண் கை தூக்குகிறார். சொல்லும்மா. ...அரியர் எல்லாம் முடித்தாச்சு, டிகிரி சர்டிபிகேட் இன்னும் வாங்கவில்லையா? எத்தனை பேர் அப்படி? கை தூக்குங்கள். அடடா, பாதிப் பேர்.

நாளைக்குத் திங்கட்கிழமை. மார்க்‌ஷீட் ஜெராக்ஸும் ஹால் டிக்கெட்டும் எடுத்துக்கொண்டு காலையிலேயே கல்லூரி அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் போனால் சாப்பிடப் போயிருப்பார்கள். வணக்கம்.