முத்தம் அறியாதவள் எழுதிய பாட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

போலெரோ என்றதும் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் நீண்ட இசைக்கோலம் சிலருக்கு நினைவுக்கு வரலாம். நான் பேச வந்தது அதைப் பற்றி அல்ல. கியூபாவின் சாந்தியாகோ நகரில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிதாரோடு பிறந்த காதல் பாட்டு வகை இது. மெக்சிகோவுக்குப் போனதும் வானொலி அதைத் தத்தெடுத்துக்கொண்டது.

அப்படி வந்த ஒரு பாட்டு 'பேசமே மூச்சோ'. தமிழ்க் காதுக்கு, பேசாமல் மூச்சுவிடச் சொல்வதுபோல் இருக்கும்! பொருள் என்னவோ, 'முத்தமிடு, நிறைய முத்தமிடு' என்பதுதான்.

எழுதியவர் மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் பிறந்த கொன்சுவேலோ வெலாஸ்கேஸ். மேடைக் கச்சேரிக்கென்று பியானோ பயின்றவர். இந்தப் பாட்டை எழுதியபோது, தான் யாரையும் முத்தமிட்டதே இல்லை என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். முத்தமென்றாலே பாவம் என்று சொல்லி வளர்த்த காலம். மெட்டுக்கு வித்து வேறிடத்தில் இருந்து வந்தது. ஸ்பெயின் இசையமைப்பாளர் கிரானாதோஸ், ஒரு பெண்ணும் இராப்பாடிப் பறவையும் பேசிக்கொள்வதாக ஒரு பியானோ இசை எழுதியிருந்தார். அதன் சாயல் இதில் தெளிவாகவே கேட்கும். அந்தக் கிரானாதோஸ் 1916இல், முதல் உலகப் போரில், அவர் பயணம் செய்த கப்பல் நீர்மூழ்கிக் கப்பலின் டார்பிடோ தாக்குதலுக்கு ஆளானபோது கடலில் மாண்டார்.

அடுத்த போர்தான் இந்தப் பாட்டை உலகெங்கும் கொண்டுபோனது. சன்னி ஸ்கைலர் ஆங்கில வரிகள் எழுத, ஜிம்மி டோர்ஸியின் குழு இசைத்த பதிவு 1944இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. இதில் எனக்கு ஒரு வியப்பு உண்டு. ஸ்பானிய மூலத்தின் உயிர், 'இன்றிரவே கடைசி முறை என்பதுபோல' என்கிற சொற்களில் இருக்கிறது. உன்னை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்கிறாள் அவள். போருக்குப் போகிறவனை வழியனுப்பி நிற்பவளுக்கு இதைவிடப் பொருத்தமான வரி ஏது? ஆனால் ஆங்கிலத்தில் அந்தக் 'கடைசி முறை' இல்லவே இல்லை! கையணைப்பின் இன்பத்தைத்தான் அது அதிகம் பாடுகிறது. இருந்தும் மெட்டில் அந்தக் கலக்கம் அப்படியே இருக்கிறது. சொல்லை மாற்றியவர்களால் அதை எடுக்க முடியவில்லை.

பிறகு பாடாதவர் யார்? 1962 புத்தாண்டு நாளில், பிரிட்டனின் பீட்டில்ஸ் இசைக்குழு இளைஞர்கள் லண்டனில் டெக்கா என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் குரல் தேர்வில் இதையும் பாடினார்கள். நிறுவனம் அவர்களை வேண்டாமென்று அனுப்பிவிட்டது.

கொன்சுவேலோ பின்னாளில் மெக்சிகோ நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 2005 ஜனவரியில் மறைந்தார்.

இப்போது ஸ்பானிய மூலத்தையே ஒலிபரப்பப் போகிறார்கள். 'உல்தீமா' என்றொரு சொல் வரும். கடைசி என்று பொருள். அந்த இடத்தில் பாடுபவரின் குரலைக் கவனியுங்கள்.