ஏழு கிண்ணம் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். எனக்குப் பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். 2009 முதல் 2013 வரை பூட்டானின் கிழக்கே, டிராஷிகாங் மாவட்டத்தில் ஒரு மலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தேன். அங்கே குழந்தைகள் எனக்குக் கற்பித்ததைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நான் குடியிருந்த வீட்டுப் பெண்ணுக்கு எட்டு வயது. என் வகுப்புதான். விடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு பூஜை அறைக்குப் போவாள். முந்தின நாள் சாயங்காலம் கவிழ்த்து வைத்த ஏழு கிண்ணங்களையும் துடைத்து வரிசையாக வைப்பாள். இரண்டு கிண்ணத்துக்கு நடுவே ஒரு பார்லி மணி அளவு இடைவெளி இருக்க வேண்டும். ஒட்டினாலும் தப்பு, விலகினாலும் தப்பு. அப்புறம் இடமிருந்து வலமாகத் தண்ணீர் ஊற்றுவாள். விளிம்புக்குக் கீழே, அதே பார்லி மணி அளவில் நிறுத்த வேண்டும். ஊற்றும்போது நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்க்கும், அவ்வளவு கவனம். பொழுது சாய்வதற்குள் அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, துடைத்துக் கவிழ்த்துவிடுவாள்.

“பழம், பூ எல்லாம் இருக்க, ஏன் தண்ணீர்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“தண்ணி எல்லார்கிட்டயும் இருக்கு, மேடம் லா. குடுக்கறப்ப மனசு வலிக்காது” என்றாள். ‘லா’ அங்கே மரியாதைச் சொல், நம்ம ‘ங்க’ மாதிரி.

எனக்குப் பேச்சு எழவில்லை. எங்கள் ஊர் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பார்கள். எங்கள் பக்கம் பல கிணறுகளில் அது தாண்டிவிடும். என் அண்ணனுக்குச் சின்ன வயதிலேயே பல்லெல்லாம் காவிக் கறை. அம்மா நல்ல தண்ணீருக்காகக் குடத்தோடு ஒன்றரை கிலோமீட்டர் நடப்பார். ஒரு சொம்பு சிந்தினால் அடி விழும். கொடுக்க மனசு வலிக்கிற ஊர் எங்களுடையது என்று அவளிடம் சொன்னேன்.

மறுநாள் காலை ஏழாவது கிண்ணத்தைக் காட்டி, “இது உங்க அம்மாவுக்கு” என்றாள்.

அதுவரை சாமி முன்னால் நின்றால் எனக்கு வேலை, சம்பளம், அண்ணன் கடன் என்று கேட்கத்தான் வரும். இந்தப் பிள்ளைகள் பரீட்சை அன்று காலைகூட ‘செம்சென்’ எல்லாம் நன்றாக இருக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டார்கள். செம்சென் என்றால் உயிருள்ளவை. மழைக்காலத்தில் ஒரு பையன் தன் காலில் ஏறிய அட்டையைப் பிய்த்தான். ரத்தம் வழிகிறது. நசுக்கப் போகிறான் என்று பார்த்தால், குனிந்து புல்லில் விட்டான். “அதுவும் செம்சென்தானே, மேடம் லா.” காலையில் சொன்ன பிரார்த்தனை மத்தியானம் வரைக்கும் அவன் கையில் இருந்தது.

நான் ஊர் திரும்பிய 2013-இல்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது. எங்கள் தெருக் குழாயில் காவிரித் தண்ணீர் வந்த அன்று, அம்மாவிடம் அந்த ஏழாவது கிண்ணத்தைப் பற்றிச் சொன்னேன். அம்மாவுக்குச் சாமித் தண்ணீர் என்றால் தீர்த்தமலைப் பாறையில் விழுவதுதான். பாட்டிலில் பிடித்து வந்து வருஷக்கணக்கில் வைத்திருப்பார். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் விடியலில் முருகன் படத்துக்கு முன்னால் ஒரு சொம்பு நிறையக் குழாய்த் தண்ணீர் இருந்தது. சாயங்காலம் அதை எடுத்துப் போய்க் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார். “அந்தப் புள்ளைக்கு” என்றார்.