கேட்க ஆளில்லை என்ற தைரியம்

(ஹற்றனில் நடந்த இளைஞர் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம். நான் பேச எழும்புவதற்கு முன்பே ஒரு தம்பி துண்டுச் சீட்டில் கேள்வி எழுதிக் கொடுத்துவிட்டார்: "மதத்தை ஒழித்தால் இந்த நாட்டில் கலவரம் ஒழியுமா?" மஸ்கெலியாப் பக்கமிருந்து வந்தவராம். அப்படியானால் அவருடைய ஊருக்குப் பக்கத்திலிருக்கும் சிவனொளிபாதமலையைக் காட்டிச் சமாளித்துவிடலாம். நான்கு மதத்தாரும் ஒரே படியில் ஏறுகிறார்கள், பாருங்கள் நம் ஒற்றுமையை என்று மேடைக்கு மேடை சொல்வதுதானே வழக்கம். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. 1977-லும் 1983-லும் மலையகத்தில் வீடும் கடையும் எரிந்தபோதும் அந்த மலை அங்கேதான் இருந்தது.

கம்பளையிலிருந்து தொடங்குவோம். இங்கிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேரக்கூடிய ஊர். அங்கே ஒரு தேவாலயத்தின், அதாவது சிங்களவர் தெய்வங்களைக் கும்பிடும் கோயிலின், பெரஹரா ஊர்வலம் மேளதாளத்தோடு பள்ளிவாசலைக் கடந்து போகலாமா, கூடாதா என்று வழக்கு வந்தது. 1815 கண்டி ஒப்பந்தத்தில் பௌத்த சமயத்தைப் பேணுவதாக வெள்ளைக்காரன் வாக்குக் கொடுத்திருக்கிறான் என்று தேவாலயத் தரப்பு வாதாடியது. கண்டி மாவட்ட நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. 1915-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. அந்த வருடம் பௌத்தர்களின் வெசாக் பண்டிகை இரவில் கண்டியில் பள்ளிவாசலுக்கு முன்னால் மூண்ட சண்டை, சில நாட்களில் ஐந்து மாகாணங்களுக்குப் பரவிவிட்டது.

இதுவரை கேட்டால் மதச் சண்டைதான். ஆனால் எவை உடைந்தன என்று பாருங்கள். பள்ளிவாசல்கள் உடைந்தன, அவற்றோடு கடை கடையாகச் சூறையாடப்பட்டது. முதலாம் உலகப் போர் தொடங்கிச் சாமான் விலை ஏறியிருந்த நேரம் அது. ஊர் ஊராகக் கடை போட்டிருந்தவர்கள், கடன் கொடுத்தவர்கள் தென்னிந்தியக் கரையோரத்திலிருந்து வந்த முஸ்லிம் வியாபாரிகள். அவர்களை அந்நியச் சுரண்டல்காரர்கள் என்று பல காலமாக எழுதியும் பேசியும் வந்தவர் பௌத்த மறுமலர்ச்சித் தலைவர் அநகாரிக தர்மபால. மேளம் வெறும் சாக்கு என்று நான் சொல்லமாட்டேன். அதற்காக உண்மையிலேயே மனம் புண்பட்டவர்கள் இருந்தார்கள். அந்தப் புண்ணோடு கடைக்காரனின் கொப்பிக் கணக்கும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

பிரதமர் பண்டாரநாயக்கவின் கதை உங்களுக்குத் தெரியும். 1956-ல் பிக்குமார் வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்டு அவரை ஆட்சிக்குக் கொண்டுவந்தார்கள். 1959-ல் அவரைச் சுட்டவர் ஒரு பிக்கு. சதிக்குத் தலைமை தாங்கியதாகத் தண்டிக்கப்பட்டவர் களனி விகாரையின் விகாராதிபதி. கொள்கைக் கோபம் ஒரு பக்கம், கிடைக்காமல் போன வியாபார ஒப்பந்தங்கள் இன்னொரு பக்கம் என்றுதான் அந்த வழக்கில் பேசப்பட்டது.

சரி, மதத்தை ஒதுக்கி வைத்தவர்கள் என்ன செய்தார்கள்? ஜே.வி.பி., அதாவது மக்கள் விடுதலை முன்னணி, மார்க்ஸைப் படித்த சிங்கள இளைஞர் இயக்கம். ஆரம்பத்தில் அவர்கள் இளைஞர்களுக்கு எடுத்த ஐந்து வகுப்புகளில் ஒன்றின் தலைப்பு இந்திய விஸ்தரிப்புவாதம். அந்த வகுப்பில் இந்தியாவின் கையாளாகக் காட்டப்பட்டவர் யார் தெரியுமா? காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், மழையில் நனைந்து கொழுந்து பறித்து, 1948-ல் பிரஜாவுரிமையும் பறிபோன நம்முடைய பாட்டன் பாட்டிதான்! உலகத் தொழிலாளர் ஒற்றுமை, தோட்டத் தொழிலாளி குடியிருக்கும் லயத்து வாசலோடு நின்றுவிட்டது.

நம் பக்கத்தையும் பேசித்தான் ஆகவேண்டும். இந்த இடத்தில் சபை கொஞ்சம் நெளியும் என்று தெரியும். புலிகள் மத இயக்கம் அல்ல. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றினார்கள். புத்தரின் பல்லை வைத்து வணங்கும் கண்டி தலதா மாளிகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1989-ல் ஜே.வி.பி. தாக்கியது, 1998 ஜனவரியில் புலிகள் லொறிக் குண்டு வெடிக்க வைத்தார்கள். இரண்டுமே சாமி கும்பிடச் சொல்லாத இயக்கங்கள்.

ஆகவே தம்பியின் கேள்விக்கு என் பதில், ஒழியாது என்பதுதான். "இவன் நம்ம ஆள் இல்லை" என்று சொல்லிக்கொடுக்க மதத்தாலும் முடியும், கொள்கையாலும் முடியும். ஆனால் அப்படி நினைக்கிற ஆயிரம் பேர் அயலவனோடு சண்டை போட்டுக்கொண்டே காலம் தள்ளிவிடுவார்கள். கத்தியை எடுப்பதற்கு வேறொன்று வேண்டும். என்ன செய்தாலும் கேட்க ஆளில்லை என்ற தைரியம் அது. 1958 கலவரத்தில் ஆட்களை வழிமறித்து, பௌத்தர்கள் ஓதும் பாளி காதாவைச் சொல்லு பார்ப்போம் என்று சோதித்தார்கள். சொல்லத் தெரியாதவன் தமிழன். 1983-ல் அந்தச் சிரமமும் இல்லை, வாக்காளர் பெயர்ப் பட்டியலான இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்தார்கள். இடாப்பு கோயிலிலோ விகாரையிலோ அச்சடிக்கிற பொருள் அல்லவே.

பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ. 2000 ஒக்டோபர் 25-ஆம் தேதி காலை, அங்கிருந்த புனர்வாழ்வு முகாமைப் பெருங்கூட்டம் சூழ்ந்தது. உள்ளே இருந்தவர்கள் தமிழ் இளைஞர்கள், சிலர் சிறுவர்கள். அரசாங்கத்தின் பொறுப்பில் இருந்தவர்கள். குறைந்தது 27 பேர் வெட்டியும் அடித்தும் எரித்தும் கொல்லப்பட்டார்கள். ஆயுதம் வைத்திருந்த பொலிஸார் அங்கேயே நின்றார்கள். 2003-ல் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது, அதில் பொலிஸாரும் உண்டு. 2005-க்குள் மேன்முறையீட்டில் அத்தனை பேரும் விடுதலை.

அப்புறம் 2018, கண்டி மாவட்டத்துத் தெல்தெனிய. வீதியில் ஒரு வாகனத் தகராறு. முஸ்லிம் இளைஞர்கள் சிலர் தாக்கியதில் சிங்கள லொறி சாரதி ஒருவர் படுகாயமடைந்து மார்ச் தொடக்கத்தில் இறந்துபோனார். சண்டைக்குக் காரணம் மதமும் இல்லை, கட்சியும் இல்லை. குற்றம் செய்தவர்களைக் கைதுசெய்தும் ஆகிவிட்டது. ஆனாலும் முகநூலில் அழைப்புப் பறந்தது, பக்கத்து ஊரான திகனயில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் எரிந்தன, எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞரின் உடல் கிடைத்தது. அவசரகாலச் சட்டம் போட்டார்கள், முகநூலை முடக்கினார்கள். ஊரடங்கு அமுலில் இருக்கும்போதே கும்பல்கள் கண்டி மாவட்டத்தில் ஊர் ஊராகப் போய்வந்தன. வீட்டுக்கு வெளியே கால் வைத்தால் கைது என்கிற நேரத்தில் அவர்களால் எப்படிப் போகமுடிந்தது? அந்தக் கேள்விக்கு எந்த வேதமும் எந்தக் கட்சி அறிக்கையும் பதில் தராது. பொலிஸ் திணைக்களத்திடம்தான் கேட்கவேண்டும்.