விசுவாசத்தைப் பலப்படுத்துவது சோதனையா, அன்றாடப் பழக்கமா? – பழக்கத்தின் அணியிலிருந்து ஓர் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இவ்வளவு நேரம் பொறுமையாய் உட்கார்ந்திருக்கும் சபையாரே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

எனக்கு முன்னால் பேசியவர் பாதிப் பேரை அழவைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஈரத்தில் தலைப்பு மறந்திருக்கலாம். ‘விசுவாசத்தைப் பெரிதும் பலப்படுத்துவது வாழ்க்கையில் வரும் சோதனையா, அன்றாடப் பழக்கமா?’ சோதனைதான் என்பது அவர்கள் கட்சி. பழக்கம்தான் என்பது எங்கள் கட்சி. எங்கள் பக்கம் கண்ணீர் வராது, நடுவர் அவர்களே. காலையில் எழுந்து பதினைந்து நிமிடம் வேதத்தோடு உட்கார்ந்தான் என்று சொன்னால் யார் அழப்போகிறார்கள்?

எதிரணித் தலைவர் யோபுவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். ஒரே நாளில் பிள்ளைகளும் போய், ஆடுமாடும் போய், அப்புறமும் ‘கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்’ என்று சொன்னவன். நல்ல சாட்சி. குறுக்கு விசாரணை செய்ய எனக்கும் உரிமை உண்டு அல்லவா? யோபுவின் துயரம் முதல் அதிகாரம் 13ஆம் வசனத்தில் ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் 5ஆம் வசனம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளின் விருந்து நாள்கள் ஒவ்வொரு சுற்று முடியும்போதும், இவன் அதிகாலையில் எழுந்து அவர்களுடைய எண்ணிக்கையின்படி தகனபலி செலுத்துகிறான். ஏழு மகன், மூன்று மகள். மொத்தமாக ஒரு ஜெபத்தில் முடித்துவிடவில்லை, தலைக்கொரு பலி. அந்நாட்களிலெல்லாம் அப்படியே செய்துவந்தான் என்று அந்த வசனம் முடிகிறது. பிள்ளைகள் செத்த செய்தி வந்த அன்று அவன் தரையில் விழுந்து பணிந்துகொண்டான் என்றால், அந்த உடம்புக்கு விழுந்து பணிவது ஏற்கெனவே பழகியிருந்தது. எதிரணி 13ஆம் வசனத்திலிருந்து படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவ்வளவுதான் குறை.

அடுத்து ரோமர் 5. உபத்திரவம் பொறுமையை உண்டாக்குகிறது என்று பவுல் சொல்லியிருக்கிறாரே என்றார்கள். சொல்லியிருக்கிறார், நான் மறுக்கவில்லை. கூடவே பேதுரு சொன்ன பொன்னையும் அக்கினியையும் எடுத்துவைத்தார்கள். பொன்னை நெருப்பில் போட்டால் அழுக்கு பிரியும், பொன் சுத்தமாகும். வைக்கோலை அதே நெருப்பில் போட்டுப் பாருங்கள். உள்ளே போனது எதுவோ, அதற்குத் தகுந்த முடிவுதான் வெளியே வரும். ஆண்டவர் இயேசுவே விதைக்கிறவன் உவமையில் இதை நேராகச் சொல்கிறார்: கற்பாறை நிலத்து விதை உபத்திரவம் வந்தவுடனே இடறுகிறது. காரணமும் சொல்கிறார்: அதற்கு வேர் இல்லை. சோதனைதான் பலம் தரும் என்றால் அந்த விதைக்கு ஏன் தரவில்லை? இதற்கு எதிரணியின் அடுத்த பேச்சாளர் பதில் சொல்லட்டும். பாறைமேல் ஒன்று, மணல்மேல் ஒன்று என்று கட்டின இரண்டு வீடுகளின் கதையிலும் அப்படித்தான். ஒரே மழை, ஒரே பெருவெள்ளம், ஒரே காற்று; பாறைமேல் இருந்தது நின்றது, மணல்மேல் இருந்தது விழுந்தது. லூக்கா எழுதும்போது ஒரு வார்த்தை கூடுதலாக வைக்கிறார், கட்டினவன் ‘ஆழமாய்த் தோண்டி’ அஸ்திபாரம் போட்டான் என்று. தோண்டியது வெயில் காலத்தில்.

சரி, பழக்கம் பழக்கம் என்கிறாயே, அது என்ன, எவ்வளவு, எப்படி என்று கேட்பீர்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து வந்த ஆகாரமான மன்னாவிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இதற்கு அளவோடு ஒரு பாடமே அங்கே இருக்கிறது. யாத்திராகமம் 16. ஆளுக்கு ஒரு ஓமர், ஏறத்தாழ 2 லிட்டர் அளவு. வெயில் ஏறினால் உருகிவிடும், ஆகவே காலையிலேயே போய் எடுக்க வேண்டும். நாளைக்கும் இருக்கட்டும் என்று வைத்தவர்களுக்குப் புழு பிடித்து நாறியது. ஆறாம் நாளில் மட்டும் இரண்டு ஓமர், ஏழாம் நாளுக்கும் சேர்த்து. அது மட்டும் கெடவில்லை. இப்படி 40 வருஷம். நாற்பது வருஷத்துக்கும் சேர்த்து ஒரே நாளில் ஒரு களஞ்சியத்தை நிரப்பிக் கொடுக்கத் தேவனுக்கு முடியாதா? ஒவ்வொரு நாளும் குனிந்து பொறுக்க வைத்தார். ‘எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்’ என்று ஆண்டவர் கற்றுக்கொடுத்ததும் இதே கணக்குதான்.

இப்போது நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். புத்தாண்டு ஆராதனையில் தீர்மானம் எடுக்கிறோம், இந்த வருஷம் முழு வேதாகமத்தையும் முடித்துவிடுவேன் என்று. 66 புத்தகம், 1189 அதிகாரம். நாளுக்கு மூன்றுக்குக் கொஞ்சம் மேலே வரும். ஆதியாகமம் கதையாக ஓடிவிடும். நாளுக்கு மூன்று வீதம் போனால் 25ஆம் நாளில் யாத்திராகமம் 25ஆம் அதிகாரம், ஆசரிப்புக் கூடாரத்தின் முழக்கணக்கு. 31ஆம் நாளில் லேவியராகமம், கொழுப்பும் குண்டிக்காயும். அங்கேதான் பலருடைய புத்தகக் குறி மாதக்கணக்கில் நிற்கிறது. இரண்டு நாள் விட்டுப்போனால் ஆறு அதிகாரம் பாக்கி, ஒரு வாரம் விட்டால் இருபத்தொன்று. கடன்காரனைப் பார்த்து ஒளிவதுபோல வேதத்தைப் பார்த்தே ஒளிய ஆரம்பிக்கிறோம். இது விசுவாசக் குறைவு அல்ல, திட்டத்தின் கோளாறு. விட்டுப்போனதை விட்டுவிட்டு இன்றைய பகுதியை மட்டும் எடுங்கள். நேற்றைய மன்னா நேற்றே உருகிவிட்டது. புதிதாய்த் தொடங்குகிறவருக்கு மாற்கு போதும்: 16 அதிகாரம், நாளுக்குப் பாதி என்றால் 32 நாள். அதுவும் கனமாக இருந்தால் 119ஆம் சங்கீதம் இருக்கிறது. 176 வசனத்தை எட்டெட்டாக 22 பகுதியாகப் பிரித்தே வைத்திருக்கிறார்கள்.

நேரம் பதினைந்து நிமிடம் என்றேன். முதல் இரண்டு நிமிடம் எதுவும் செய்யாமல் உட்காருங்கள். மனம் எங்கே ஓடுகிறதோ அதுவே அன்றைய ஜெபக் குறிப்பு. அடுத்த எட்டு நிமிடத்தில் ஒரே பகுதியை இரண்டு தடவை, இரண்டாம் தடவை வாய்விட்டு. கண் தாவிப்போகும் வார்த்தையைக் காது பிடித்துவிடும். பகுதியிடம் கேட்கும் முதல் கேள்வி ‘எனக்கு இன்றைக்கு என்ன வாக்குத்தத்தம்?’ என்று இருக்கவேண்டாம். ‘தேவன் எப்படிப்பட்டவர் என்று இது சொல்கிறது?’ என்பது முதலில் வரட்டும். கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தை அன்றைய வாக்கு என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்கள் விரல் ஒருநாள் ‘யூதாஸ் நான்றுகொண்டு செத்தான்’ என்பதில் படும்வரை அது நன்றாய்த்தான் போகும். மீதி ஐந்து நிமிடம் ஜெபம். இன்னொன்று, போனில் அலாரம் வைத்து, போனிலேயே வேதம் படிக்கிறவருக்கு அலாரத்துக்கும் ஆதியாகமத்துக்கும் நடுவே முப்பது செய்திகள் நிற்கும். இரவே அச்சுப் புத்தகத்தை அந்த இடத்தில் திறந்து மேஜைமேல் வைத்துவிட்டுப் படுங்கள். சின்ன விஷயம்தான். ஆனால் காலை ஐந்தரை மணிக்கு மனித சித்தத்தின் பலம் எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும்.

ஜெபத்துக்கு ஒரு நோட்டு வையுங்கள். இடது பக்கம் தேதியும் விண்ணப்பமும், வலது பக்கம் காலி. ‘குடும்பத்தை ஆசீர்வதியும்’ என்று எழுதினால் வலது பக்கம் காலம் முழுக்கக் காலியாகவே இருக்கும், எது நடந்தால் அது பதில் என்று யாருக்கும் தெரியாது. ‘இன்று பேசவேண்டிய அந்த உரையாடலில் என் குரல் உயராமல் இருக்க வேண்டும்’ என்று எழுதுங்கள். மாலையில் பதில் தெரியும். இல்லை என்ற பதிலையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்த நோட்டு விளம்பரப் பலகையாகிவிடும். ஆறு மாதம் கழித்துப் புரட்டிப் பார்க்கும்போது, நம்பிக்கை என்பதற்கு உங்கள் சொந்தக் கையெழுத்தில் ஆதாரம் இருக்கும்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், அந்தச் சகோதரி, ஒரு நல்ல அடி கொடுத்தார்: பழக்கம் சடங்காகிவிடும், உதடு அசையும், உள்ளம் தூங்கும் என்று. உண்மை. வாரத்தில் இரண்டு தரம் உபவாசிக்கிறேன் என்று தேவனுக்கே கணக்குக் காட்டிய பரிசேயன் எங்கள் அணியின் வெட்கம், ஒத்துக்கொள்கிறேன். வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்றும் ஆண்டவர் சொன்னார். ஆனால் அப்படிச் சொன்ன மத்தேயு 6:7க்கு இரண்டு வசனம் தள்ளி அவரே ஒரு ஜெபத்தை வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக்கொடுக்கிறார். உள்ளம் வறண்டால் நேரத்தை விடாதீர்கள், கருவியை மாற்றுங்கள். சொந்த வார்த்தை வரவில்லையா, 13ஆம் சங்கீதத்தைக் கடன் வாங்குங்கள். ஆறே வசனம். ‘எதுவரைக்கும்’ என்று நான்கு தடவை கேட்கிறான் தாவீது. முதல் இரண்டு வசனம் முறையீடு, அடுத்த இரண்டு விண்ணப்பம், கடைசி இரண்டில்தான் ‘உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கை’ வருகிறது. நம்மில் பலர் நேராக ஐந்தாம் வசனத்துக்குக் குதிக்கப் பார்க்கிறோம். சபையில் யாராவது ‘எப்படி இருக்கீங்க?’ என்றால் ‘கர்த்தருடைய கிருபையால் நல்லா இருக்கேன்’. முதல் நான்கு வசனத்தையும் தேவனிடம் சொல்ல இடம் உண்டு என்று கற்றுக்கொடுப்பதும் பழக்கம்தான். அது தெரியாதவன் சோதனை வரும்போது முறையிடவும் தெரியாமல், துதிக்கவும் முடியாமல், ஊமையாகிறான்.

நடுவர் மணியைத் தொட்டுப் பார்க்கிறார். எலியா தீர்க்கதரிசியைச் சொல்லாமல் நான் இறங்கமாட்டேன். எதிரணி எனக்குப் போட்ட பந்து அது. அவர் ஜெபித்தபோது கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியது. அதைவிடப் பெரிய அனுபவம் வேண்டுமா? மறு அதிகாரத்திலேயே அந்த மனிதர் சூரைச்செடியின் கீழே ‘போதும் கர்த்தாவே’ என்று சாகக் கேட்கிறார். உச்சக்கட்ட அனுபவம் அவரை ஒரு வாரம் தாங்கியதாகக்கூட அங்கே தெரியவில்லை. 1 இராஜாக்கள் 19ஐ மெதுவாகப் படித்தால் என்ன தப்பாகப் போனது என்றும் தெரியும்: பெயெர்செபாவிலேயே வேலைக்காரனை விட்டுவிட்டார், தனியாக ஒருநாள் பிரயாணம் நடந்தார், சோர்ந்து படுத்தார். தூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர், தூக்கம். மறுபடியும் எழுப்பி, மறுபடியும் சாப்பாடு. தேவனே ஒரு தீர்க்கதரிசியைத் தூக்கிவிட எடுத்த முதல் இரண்டு படி இவைதான். மனச்சோர்வில் இருக்கிறவரிடம் ‘விசுவாசம் போதவில்லை’ என்று சொல்லுகிற நாக்குகள் இந்த அதிகாரத்தைக் கொஞ்சம் படித்தால் நல்லது. தூக்கம், சாப்பாடு, மருத்துவர், கூட ஒரு ஆள், இவையும் ஆவிக்குரிய ஒழுங்கில் சேர்த்திதான். பிறகு ஓரேப் மலையிலும் கர்த்தர் காற்றிலில்லை, பூமியதிர்ச்சியிலில்லை, அக்கினியிலில்லை. அமர்ந்த மெல்லிய சத்தத்தில்தான் எலியா அவரைக் கேட்டார். மெல்லிய சத்தத்தைக் கேட்கிற காது ஒரே நாளில் வளராது.

வேதத்துக்கு வெளியே ஒருவரை மட்டும் கூப்பிடுகிறேன். டீட்ரிக் போன்ஹோஃபர் என்ற ஜெர்மானியப் போதகர். ஹிட்லர் காலத்து ஜெர்மனியில் பிங்கன்வால்டே என்ற இடத்தில் இளம் போதகர்களைப் பயிற்றுவித்தார். தினமும் அரைமணி நேரம் அமைதியான தியானம், ஒரு வாரம் முழுக்க ஒரே வேதபகுதி. மாணவர்களே முணுமுணுத்த ஒழுங்கு அது. 1937இல் ரகசியப் போலீஸ் அந்த இடத்தை மூடியது. 1943 ஏப்ரலில் அவரைக் கைதுசெய்தார்கள். மே மாதம் சிறையிலிருந்து பெற்றோருக்கு எழுதுகிறபோது, பல வருஷமாகச் செய்வதுபோலவே தினமும் சங்கீதம் வாசிப்பதாக எழுதுகிறார். 1945 ஏப்ரல் 9இல் தூக்கிலிடப்படும்வரை அந்த மனிதர் சிறைக்கூடத்தில் புதிதாக ஒரு விசுவாசத்தைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. கொண்டுபோனதை வைத்து வாழ்ந்தார்.

கடைசியாக, ஆண்டவர். வனாந்தரத்தில் பிசாசு மூன்று முறை சோதித்தான், மூன்று முறையும் ‘எழுதியிருக்கிறதே’ என்று பதில். மூன்றும் உபாகமத்திலிருந்து, 8ஆம் அதிகாரத்தில் ஒன்று, 6ஆம் அதிகாரத்தில் இரண்டு. நாற்பது நாள் பட்டினி கிடந்தவரின் கையில் புத்தகச் சுருள் கிடையாது. சிலுவையில் சொன்ன ‘என் தேவனே, என் தேவனே’ 22ஆம் சங்கீதம். ‘உம்முடைய கைகளில்’ என்பது 31ஆம் சங்கீதம். மூச்சு முட்டும்போது வாயில் வந்தவை, முன்பே மனப்பாடமாக உள்ளே இருந்தவை.

கெத்செமனே இரவை நினைத்துப் பாருங்கள், நடுவர் அவர்களே. அந்தத் தோட்டத்தில் ஆண்டவரும் இருந்தார், பேதுருவும் இருந்தார். ஒரே இரவு, ஒரே சோதனை. எதிரணி சொல்வதுபோலச் சோதனை பலம் தருமானால் இருவருக்கும் தந்திருக்க வேண்டும். ‘நான் ஒருக்காலும் இடறலடையேன்’ என்று சொன்ன பேதுரு ஒருமணி நேரம் விழித்திருக்க முடியாமல் தூங்கினார், விடிவதற்குள் மூன்று முறை மறுதலித்தார். ஆண்டவரோ இரத்தத்தின் பெருந்துளிகளாக வேர்வை விழுமளவுக்குப் போராடி, எழுந்து, காட்டிக்கொடுத்தவனுக்கு நேராக நடந்தார். லூக்கா 22:39இல் அவர் அந்தத் தோட்டத்துக்கு எப்படிப் போனார் என்று ஒரு சொல் இருக்கிறது. சிலுவையை நோக்கி ஓடுகிற அவசரத்தில் நாம் எல்லாரும் தாண்டிப் போய்விடுகிற சொல். ‘பின்பு அவர் புறப்பட்டு, *வழக்கத்தின்படியே* ஒலிவமலைக்குப் போனார்.’

தீர்ப்பு எழுதும் தாளில் இடமிருந்தால் அந்த வசன எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நன்றி, ஸ்தோத்திரம்.