ரேடியேற்றருக்குள் கறள்

வணக்கம்.

ஒக்ரோபர் பிறந்தால் என் தொலைபேசிக்கு ஓய்வில்லை. கோடை முழுக்க மறந்து கிடந்த ஹீற்றிங்கை லண்டனில் எல்லோரும் ஒரே கிழமையில் போட்டுப் பார்ப்பார்கள். அப்போது வருகிற முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான். "தம்பி, ரேடியேற்றர் மேல கை வைக்கேலாமல் சுடுது, கீழ பச்சைத் தண்ணி மாதிரிக் கிடக்கு. பொயிலர் போச்சுதோ?"

பொயிலர், அதாவது தண்ணீரைச் சூடாக்கி வீடு முழுக்க உள்ள ரேடியேற்றர்களுக்குள் சுற்ற விடுகிற பெட்டி, போகவில்லை. அந்த ரேடியேற்றரின் வயிற்றுக்குள் சேறு இறங்கியிருக்கிறது. இருபது வருடத்துக்கு மேலாக இதே வேலை பார்க்கிறவன் என்பதால், அந்தச் சேற்றைப் பற்றி இன்றைக்குக் கொஞ்சம் கதைக்கலாம் என்று வானொலி நிலையத்தார் கூப்பிட்டார்கள்.

முதலில் உங்கள் உள்ளங்கையை நம்புங்கள். ஹீற்றிங்கைப் போட்டு அரை மணித்தியாலம் கழித்து ரேடியேற்றரை மேலிருந்து கீழாகத் தடவிப் பாருங்கள். மேலே குளிர்ந்து கீழே சுட்டால் உள்ளே காற்று நிற்கிறது; சாவியைப் போட்டுத் திறந்து விட்டால் சரி. மேலே சுட்டு, கீழே நடுப்பகுதி மட்டும் குளிர்ந்து கிடந்தால் அது சேறு. ஒரு ரேடியேற்றர் முழுதாகக் குளிர்ந்து மற்றவை எல்லாம் சுட்டால், அநேகமாக அதன் பக்கத்து வால்வுக்குள் இருக்கிற ஊசி இறுகியிருக்கும். அதற்கெல்லாம் பெரிய செலவு செய்யத் தேவையில்லை.

இந்தச் சேறு எங்கிருந்து வருகிறது? குழாய்த் தண்ணீரில் மண் வருகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது உங்கள் ரேடியேற்றரேதான். ரேடியேற்றர் என்பது ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடத் தடிப்பான உருக்குத் தகடு. ஊரில் கழுவி ஈரத்தோடு கவிழ்த்து வைத்த இரும்புத் தாச்சி விடியும்போது என்ன கோலத்தில் இருக்கும் என்று அம்மாமாருக்குத் தெரியும். அதே கறள்தான். ஆனால் காற்று தாராளமாகப் படுகிற தாச்சியில் செம்மண் நிறமாக வருகிற கறள், ஒட்சிசன் குறைந்த மூடிய குழாய்க்குள் கறுப்பாக மாறிவிடும். மக்னரைற் என்று அதற்குப் பெயர். பெயரிலேயே காந்தம் இருக்கிறது. கணவாய் துப்புரவாக்கும்போது மைப்பை உடைந்தால் எப்படி இருக்கும்? ரேடியேற்றரைக் கழற்றினால் அப்படித்தான் கொட்டும். கார்பெற்றில் பட்டால் போகவே போகாது. நான் அனுபவப்பட்டவன், சொல்கிறேன்.

இந்தக் கறுப்புக் கறள் உருவாகும்போது ஐதரசன் வாயுவும் கூடவே வெளிவரும். கிழமைக்கு ஒருமுறை காற்றுத் திறந்து விடவேண்டி வருகிற ரேடியேற்றர் சில வீடுகளில் இருக்கும். அதில் வருவது காற்றாக இல்லாமல் ஐதரசனாக இருக்கலாம். பழைய பிளம்பர்மார் சிலர் லைற்றரைப் பிடித்துப் பார்ப்பார்கள், டப்பென்று பற்றும். நீங்கள் அந்த விளையாட்டுக்குப் போக வேண்டாம். காற்றுத் திறக்கும்போது பக்கத்தில் சிகரெற்றும் கூடாது, விளக்கும் கூடாது.

கீழே படிந்த சேறு ரேடியேற்றரோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. அது பம்புக்குள் போய் அதை இறுக்கும். ஹீற்றிங்குக்கும் குளிக்கிற தண்ணீருக்கும் ஒன்றாகவே வேலை செய்கிற கொம்பி பொயிலர் என்றால், குளிக்கிற தண்ணீரைச் சூடாக்குகிற சின்னத் தகட்டுப் பெட்டி ஒன்று உள்ளே இருக்கிறது. அதன் இடுக்குகளை அடைக்கும். ஹீற்றிங் ஓரளவு வேலை செய்யும், ஷவரில் மட்டும் தண்ணீர் சுட்டுச் சுட்டுக் குளிரும். 2005 ஏப்ரலுக்குப் பிறகு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பூட்டுகிற காஸ் பொயிலர்கள் பெரும்பாலும், வெளியே போகிற புகையின் சூட்டையும் பிடித்துக்கொள்கிற கண்டென்சிங் வகைதான். அவற்றின் உட்பாதைகள் ஒடுக்கமானவை. பழைய வார்ப்பிரும்புப் பொயிலர் தாங்கிய அழுக்கை இவை தாங்காது. எழுபதுகளில் கட்டிய சில வீடுகளில் எட்டு, பத்து மில்லிமீற்றர் மெல்லிய செம்புக் குழாய்கள் ஓடுகின்றன. அந்த வீடுகளுக்குப் போகும்போது எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்.

இன்னொரு சத்தம் இருக்கிறது. பொயிலர் எரியும்போது கேத்தில் கொதிக்கிற மாதிரி உறுமும். ஆங்கிலக்காரரும் அதைக் கேத்தில் சத்தம் என்றே சொல்வார்கள். அதற்குப் பெரும்பாலும் காரணம் சுண்ணாம்பு. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிவது போலத்தான் லண்டன் தண்ணீரும். இங்கேயும் நிலத்துக்கடியில் சுண்ணக்கல். இதையும் ஏன் சொல்கிறேன் என்றால், கறளுக்கும் சுண்ணாம்புக்கும் தீனி போடுவது ஒன்றே: புதுத் தண்ணீர்.

இதைத்தான் நான் இன்றைக்கு முக்கியமாகச் சொல்ல வந்தேன். குடிக்கிற தண்ணீர் புதிதாக இருக்கவேண்டும். ஹீற்றிங் குழாய்க்குள் ஓடுகிற தண்ணீர் பழையதாக இருக்கவேண்டும். குழாயிலிருந்து வருகிற குளிர்ந்த தண்ணீரில் லீற்றருக்குப் பத்து மில்லிகிராம் அளவில் ஒட்சிசன் கரைந்திருக்கும். முதல் தடவை நிரப்பும்போது அது கொஞ்சம் இரும்பைத் தின்றுவிட்டுத் தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு உள்ளே ஒட்சிசன் இல்லாவிட்டால் கறளும் அடங்கிவிடும். நீங்கள் ஒவ்வொரு நாளும் புதுத் தண்ணீர் விட்டால் ஒவ்வொரு நாளும் அதற்குச் சாப்பாடு போடுகிறீர்கள்.

இதை நான் ஒரு வீட்டில்தான் படித்தேன். கிழக்கு லண்டனில் ஒரு அன்ரி வீடு. ஒன்பது ரேடியேற்றர், ஒன்பதும் கீழே குளிர். நான் அப்போதுதான் ஹீற்றிங் குழாய்களைக் கழுவுகிற பவர்ஃப்ளஷ் மெஷின் வாங்கியிருந்தேன். புது மெஷின் வாங்கியவனுக்கு எந்த வீட்டைப் பார்த்தாலும் கை துருதுருக்கும். காலை எட்டு மணிக்குப் பூட்டினேன். அந்த மெஷின் அமுக்கத்தால் வேலை செய்வதல்ல, ஓட்டத்தால் வேலை செய்வது. கழுவும் இரசாயனத்தைக் கலந்து, தண்ணீரைச் சூடாக்கி, ஒரு ரேடியேற்றரை மட்டும் திறந்து மற்றதெல்லாவற்றையும் பூட்டி, முழு ஓட்டத்தையும் அதற்குள்ளால் விடவேண்டும். ஓட்டத்தைத் திருப்பித் திருப்பி விடவேண்டும். ரப்பர்ச் சுத்தியலால் அடிப்பக்கத்தைத் தட்டினால் தெளிந்து வந்துகொண்டிருந்த தண்ணீர் திரும்பவும் கறுக்கும். மெஷினில் இருக்கிற காந்தத்தில் சேறு மயிர் முளைத்த மாதிரிச் சிலிர்த்து நிற்கும். இப்படி ஒன்பது தடவை. பின்னேரம் ஐந்து மணிக்கு, தண்ணீர் போத்தலில் பிடித்துப் பார்க்கத் தெளிவாக வந்தது. கறள் தடுக்கிற மருந்து விட்டேன், காசை வாங்கினேன், அன்ரி தந்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த வருடக் குளிருக்கு அதே அழைப்பு. போய்ப் பார்த்தால் திரும்பவும் கறுப்பு.

அப்போதுதான் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டேன். "அன்ரி, பொயிலருக்குத் தண்ணி விடுறனீங்களோ?" "ஓம் தம்பி. விடிய சாமிக்கு விளக்கு வைச்சுப்போட்டு வந்து, அந்தக் கறுப்புத் திருகியைத் திறந்து முள்ளை ஒண்டரைக்குக் கொண்டுவருவன். பின்னேரம் அது திரும்பச் சைபருக்குப் போயிடும்." பொயிலரில் அமுக்கம் காட்டுகிற முள்ளைத்தான் சொல்கிறா. ஒவ்வொரு விடியலும். இரண்டு வருடமாக.

வெளியே போய்ச் சுவரைப் பார்த்தேன். பொயிலரிலிருந்து வெளியே வந்து, திரும்பிச் சுவரைப் பார்த்தபடி வளைந்து நிற்கிற ஒரு சின்னச் செம்புக் குழாய் இப்படி அமுக்க முள் உள்ள வீடுகளில் இருக்கும். அதன் கீழே செங்கல்லில் பச்சையும் பழுப்புமாக ஒரு நீண்ட கறை. கதை அவ்வளவுதான். தண்ணீர் சூடாகும்போது விரியும். அந்த விரிவுக்கு இடம் கொடுக்க, நடுவில் ரப்பர்ச் சவ்வும் ஒரு பக்கம் காற்றும் உள்ள ஒரு சிவப்புக் குடுவை உண்டு. அதில் காற்று இறங்கிவிட்டால், சூடாகும்போது அமுக்கம் மூன்று பாருக்கு (அந்த முள் காட்டுகிற அளவு பார்) ஏறும், பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளியே தள்ளும், ஆறும்போது முள் சைபருக்கு விழும். அன்ரி திரும்ப நிரப்புவா. நான் ஒரு முழுநாள் கழுவியதை அந்தத் திருகி ஒவ்வொரு காலையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்திருக்கிறது. குடுவைக்குத் தேவைப்பட்டது சைக்கிள் பம்பால் அடிக்கிற அளவு காற்றும், ஒழுகுகிற வால்வுக்குப் பதில் புது வால்வும். இரண்டாவது தடவை கழுவியதற்கு நான் காசு வாங்கவில்லை. வாங்க முகமில்லை.

ஆகவே முள்ளைப் பாருங்கள். ஆறிய நிலையில் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில் நிற்கவேண்டும். வருடத்தில் ஒரு தடவை கொஞ்சம் விட்டால் பிழையில்லை. மாதத்துக்கு ஒரு தடவை விடவேண்டி வந்தால் தண்ணீர் எங்கோ போகிறது. தரைக்கடியில் ஒழுக்கா, வால்வா, குடுவையா என்று தேடுங்கள். அதைக் கண்டுபிடிக்காமல் "பவர்ஃப்ளஷ் பண்ணினால் சரி" என்று ஐந்நூறு, அறுநூறு பவுண் கேட்கிறவரிடம், இந்தக் கறுப்பு ஏன் வந்தது என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். என் தொழில்காரர் சிலர் கோபிப்பார்கள், கோபிக்கட்டும்.

கூரைக்குக் கீழே லொஃப்டில் சின்னத் தண்ணீர்த் தாங்கி உள்ள பழைய முறை வீடுகளும் இன்னும் இருக்கின்றன. அங்கே ஏறி, மேலே வளைந்து நிற்கிற குழாயால் தாங்கிக்குள் தண்ணீர் கொட்டுகிறதா என்று பாருங்கள். கொட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் அது காற்றைக் குடித்துக்கொண்டு திரும்புகிறது. இந்த முறையில், தாங்கியிலிருந்து இறங்குகிற குழாய் ஹீற்றிங் குழாயோடு சேரும் சந்தி அடிக்கடி அடைபடும். வெட்டாமலே பார்க்க ஒரு வழி: ஃப்ரிஜ் கதவில் ஒட்டுகிற காந்தத்தைக் கொண்டுபோய் அந்தச் சந்தியில் வையுங்கள். செம்பில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால், ஒட்டியது உள்ளே இருக்கிற மக்னரைற்றில். அங்கே எந்த மெஷினும் உதவாது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதுக் குழாய் போடவேண்டியதுதான்.

ஒன்றோ இரண்டோ ரேடியேற்றர்தான் குளிர் என்றால் முழு வீட்டையும் கழுவத் தேவையில்லை. கைவேலை தெரிந்தவர்கள் கழற்றி, தோட்டத்தில் வைத்து ஹோஸ் பைப்பால் அடித்துக் கழுவலாம். இரண்டு பக்க வால்வையும் பூட்டும்போது, மூடி போட்ட வால்வை எத்தனை சுற்றுச் சுற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள். திரும்ப அதே அளவுதான் திறக்கவேண்டும். கழற்றியதும் ஓட்டைகளை அடைத்துவிட்டுத் தூக்குங்கள். சொன்னேனே, கணவாய் மை. பொயிலரின் மூடியை மட்டும் தொடாதீர்கள். அது காஸ் சேஃப் பதிவு, அதாவது காஸ் வேலை செய்யச் சட்டப்படி பதிவு, உள்ளவரின் வேலை.

கழுவிய பிறகு விடுகிற மருந்து இன்ஹிபிற்றர். இரும்பின் மேல் ஒரு மெல்லிய காப்பு உண்டாக்கும். பத்து ரேடியேற்றர் வீட்டில் சுமார் நூறு லீற்றர் தண்ணீர் இருக்கும். அதற்கு ஒரு போத்தல் அளவு. அளவைப் போத்தலிலேயே பாருங்கள், பிராண்டுக்குப் பிராண்ட் மாறும். எங்கள் ஆட்களின் வீடுகளில் இந்த மருந்து எப்போது காணாமல் போகிறது தெரியுமா? எக்ஸ்ரென்ஷன் கட்டும்போது. குசினியைப் பின்னுக்கு நீட்டுவோம், லொஃப்டில் அறை எடுப்போம். பில்டர் ஹீற்றிங் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, வேலை முடிய வெறும் குழாய்த் தண்ணீரை நிரப்பிவிட்டுப் போவார். யாரும் கேட்பதில்லை. ஓடு என்ன நிறம் என்றுதான் கேட்போம்.

2019இல் திருத்திய பிரித்தானிய நியமம் ஒன்று இருக்கிறது, பி.எஸ். 7593. வருடாவருடம் இன்ஹிபிற்றரின் அளவைச் சோதிக்கவேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதிதாக விடவேண்டும் அல்லது தண்ணீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும், நிரந்தரமாக ஒரு ஃபில்டர் பூட்டவேண்டும் என்று அது சொல்கிறது. அந்த ஃபில்டர், பொயிலருக்குத் தண்ணீர் திரும்பி வருகிற குழாயில் பூட்டுகிற காந்தக் குடுவை. நல்ல சாமான். ஆனால் அது கறளைப் பிடித்து வைக்கும், கறள் வராமல் தடுக்காது. வருடம் ஒருமுறை கழற்றித் துடைக்கவேண்டும். சேர்விஸுக்கு வருகிறவர் துடைத்தாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். இங்கிலாந்தில், 1985ஆம் ஆண்டு வீட்டுச் சொந்தக்காரர், வாடகையாளர் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி, பொதுவான வீட்டு வாடகை ஒப்பந்தங்களில் ஹீற்றிங்கைத் திருத்தி வைத்திருப்பது வீட்டுச் சொந்தக்காரரின் பொறுப்பு. எழுத்தில் அறிவியுங்கள், ஃபோனில் சொல்லிவிட்டு இருக்காதீர்கள்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கச்சி கை காட்டுகிறா. வீட்டில் செய்து பார்க்க ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். இரண்டு வெறும் ஜாம் போத்தல் எடுங்கள். ஹீற்றிங்கை நிறுத்தி நன்றாக ஆறவிட்டு, ஒரு ரேடியேற்றரின் காற்றுச் சாவியால் கொஞ்சம் தண்ணீர் பிடித்து ஒன்றில் விடுங்கள். மற்றதில் குழாய்த் தண்ணீர். இரண்டிலும் நாக முலாம் பூசாத புது இரும்பு ஆணி ஒவ்வொன்றைப் போட்டு மூடி, யன்னல் ஓரம் ஒரு கிழமை வையுங்கள். குழாய்த் தண்ணீர் ஆணி கறள் பிடிக்கும், அது தெரிந்ததே. ரேடியேற்றர்த் தண்ணீரில் கிடக்கிற ஆணியும் அதேபோலக் கறள் பிடித்தால், உங்கள் குழாய்க்குள் மருந்து இல்லை.