ஜும்ஆவும் மீலாதும் திருவோணமும் சேர்ந்து வந்த நாள்

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

2025 செப்டம்பர் 5 ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்குத் திருவோணம். அன்றைக்கே மீலாது நபி. வெள்ளி என்பதால் ஜும்ஆத் தொழுகையும் உண்டு. ஆசிரியர் தினமும் அதே நாள். குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் எங்கள் தெருவில் காலையிலேயே மதரசாப் பிள்ளைகள் கொடி பிடித்து, நபியைப் போற்றும் ஸலவாத்துச் சொல்லிக்கொண்டு ஊர்வலம் வந்தார்கள். பக்கத்து வீட்டு வாசலில் தெருவை ஒட்டி ஓணத்துக்கான பூக்கோலமான அத்தப்பூ போட்டிருந்தது. ஊர்வலத்தில் வந்த பெரிய பையன் ஒருவன், பூ மிதிபட்டுவிடக் கூடாதென்று சின்னப் பிள்ளைகளைக் கையைப் பிடித்து ஓரமாக நடத்திக்கொண்டு போனான். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுத்தவள். இப்படி எல்லாம் ஒரே நாளில் கூடி வருவது என் போன்றவர்களுக்கு ஒரு பெருநாள் போல. ஆனால் அந்த வாரம் முழுக்க எங்கள் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களைப் பார்த்தபோது மனம் கனத்துப்போனது. ஓணத்தில் கலந்துகொண்டால் ஈமான், அதாவது இறைநம்பிக்கை, போய்விடும் என்று ஒருவர். மீலாது கொண்டாடுவதே பித்அத், மார்க்கத்தில் இல்லாத புதுமை, அதை முதலில் விடுங்கள் என்று இன்னொருவர். ஆசிரியர் தினத்துக்குக் கேக் வெட்டுவது யாருடைய பழக்கம் என்று மூன்றாமவர். நாலாமவர் வந்து, இவர்கள் எல்லோரும் பழமைவாதிகள், எதற்கும் தடை சொல்பவர்கள் என்று முடித்துவிட்டார். ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டதாகவே தெரியவில்லை. கேரளத்தில் திருச்சூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில், பிள்ளைகளை ஓணக் கொண்டாட்டத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று பெற்றோருக்குப் போன குரல் பதிவு செய்தியாகி, போலீஸ் வழக்கு வரை போனதும் அந்த ஓணத்துக்குச் சில நாட்கள் முன்னால்தான்.

இதைப் பற்றிப் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் அந்தச் செய்தி இல்லை. என் பேத்தி.

மகளைக் கேரளத்துப் பாறசாலையில் கொடுத்திருக்கிறோம். எல்லையில் உள்ள களியக்காவிளை தாண்டினால் சில கிலோமீட்டர்தான். பேத்தி அங்கே நாலாம் வகுப்பு படிக்கிறாள். ஓண விடுமுறை விடுவதற்கு முந்தைய நாள் பள்ளியில் அத்தப்பூப் போட்டி, கயிறு இழுத்தல், இலை போட்டுச் சாப்பாடு, பாயசம் எல்லாம் உண்டு. அன்றைக்கு அவள் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிட்டாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் சூடே இல்லை. மகள் எனக்குப் போன் பண்ணினாள். நான் அவளிடம், "என்ன மக்களே, என்ன பண்ணுது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அழுதாள். பூ போட்டால் ஹராம், மார்க்கம் தடுத்தது, நரகத்துக்குப் போவாய் என்று கூடப் படிக்கிற பிள்ளை சொன்னதாம். போகாவிட்டால் உன் ஆளுங்களே இப்படித்தான் என்று இன்னொரு பிள்ளை சொன்னதாம். ஒன்பது வயதுக் குழந்தைக்குத் தெரிந்த ஒரே வழி காய்ச்சல்.

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஓணத்துக்குப் போவது கூடுமா கூடாதா என்பதில் மார்க்க அறிஞர்களான ஆலிம்களுக்குள் ஆயிரம் கருத்து இருக்கலாம். பொய் சொல்லக் கூடாது என்பதில் எந்த ஜமாஅத்திலும் இரண்டு கருத்து கிடையாது. நாம் பெரியவர்கள் போட்ட சண்டையில் அந்தக் குழந்தை முதலில் கற்றுக்கொண்டது பொய் சொல்ல.

சரி, மார்க்கம் என்ன சொல்கிறது? நான் ஆலிமா இல்லை. ஓதித் தெரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்குள்ளவர்கள் ஆண்டில் இரண்டு நாட்கள் விளையாடிக் களித்துக்கொண்டிருந்தார்கள். அவற்றைவிடச் சிறந்த இரண்டு நாட்களை அல்லாஹ் உங்களுக்குத் தந்திருக்கிறான் என்று சொல்லி, நோன்புப் பெருநாளையும் ஹஜ்ஜுப் பெருநாளையும் காட்டினார்கள். அபூதாவூது நூலில் வருகிற ஹதீஸ், நபிமொழி, இது. வேறு பண்டிகை வேண்டாம் என்பவர்கள் இதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். அவர்கள் ஒன்றும் இல்லாததைச் சொல்லவில்லை. அதை நாம் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னொரு ஹதீஸும் இருக்கிறது, புகாரி நூலில். பெருநாள் அன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி வைத்து விளையாடுகிறார்கள். நாயகம் அவர்கள் தம் துணைவியார் அன்னை ஆயிஷாவைத் தமக்குப் பின்னால் நிற்க வைத்து, ஆயிஷா அவர்களுக்கே போதும் என்று தோன்றும் வரை பார்க்கவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஹதீஸ் இது. ஓதும்போதெல்லாம் அந்த நிற்றல் கண்முன் வரும். அடுத்த தேசத்து மக்களின் ஆட்டம், அதுவும் பள்ளிவாசலுக்குள்ளே.

மார்க்கச் சட்டமான ஃபிக்ஹில் ஒரு விதி சொல்வார்கள். வணக்கம் என்றால் ஆதாரம் இருந்தால்தான் செய்யலாம். வழக்கம் என்றால் தடை இருந்தால்தான் விட வேண்டும். விதி தெளிவு. ஓணம் வணக்கமா வழக்கமா என்பதில்தான் எல்லாச் சிக்கலும். 1961இல் கேரள அரசு அதை மாநிலப் பண்டிகையாக அறிவித்தது. அரசு அறிவித்துவிட்டதால் மட்டும் ஒரு பண்டிகையின் சமய வேர் இல்லாமல் போய்விடாது. மகாபலி கதையும் வாமன அவதாரமும் அதில் இருக்கின்றன. திருக்காக்கரையப்பனை மண்ணில் பிடித்து வைத்து, அடை படைத்துக் கும்பிடும் வீடுகள் உண்டு. அதே ஊரில் புதுத் துணி, ஊஞ்சல், இலைச் சாப்பாடு என்று மட்டுமே வைத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு. ஒரே பெயர், வீட்டுக்கு வீடு வேறு பொருள். அதனால் ஓணம் ஹராம் என்று ஒற்றை வரியில் சொல்வதும் பிழை. அதில் மதமே இல்லை என்று அடித்துச் சொல்வதும், அதைப் பக்தியோடு செய்கிற பக்கத்து வீட்டு அம்மாவைச் சிறுமைப்படுத்துவதுதான்.

இதை எங்கள் ஊர் மக்கள் மார்க்கக் கிதாபு பார்த்துத் தீர்க்கவில்லை. சேர்ந்து வாழ்ந்து தீர்த்தார்கள். குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த மண். இன்றைக்கும் இங்கே ஓணத்துக்கு உள்ளூர் விடுமுறை உண்டு. ஓணக் கொண்டாட்டத்தின் முதல் நாளான அத்தம் தொடங்கினால் தோவாளைச் சந்தையிலிருந்து பூ கேரளத்துக்குப் போகும். ஏத்தங்காய், அதாவது நேந்திரங்காய், விலை ஏறும். துணிக்கடைக்காரர்களுக்கு அது பெருங் கச்சவடம், பெரிய வியாபாரம், எங்கள் ஆட்களின் கடைகளையும் சேர்த்துத்தான். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பக்கத்து வீட்டிலிருந்து திருவோணத்தன்று எங்களுக்குச் சாப்பாடு வரும். அவியல், எரிசேரி, ஓலன், இஞ்சிக்கறி, உப்பேரி, அடைப் பிரதமன். எல்லாம் காய்கறிச் சமையல் என்பதால் ஹலால் கேள்வியே எழாது. ஆனாலும் அந்த வீட்டு அம்மா தூக்குப் பாத்திரத்தைக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லுவார்: "படைக்கதுக்கு முன்னாலயே உங்களுக்கு எடுத்து வச்சிட்டேன்."

சின்ன வயதில் அதன் அர்த்தம் எனக்குப் பிடிபடவில்லை. பெரியவளான பிறகு புரிந்தது. படையலுக்கு வைத்ததை நாங்கள் சாப்பிட மாட்டோம் என்று அவருக்குத் தெரியும். அதற்காக அவர் வருத்தப்படவும் இல்லை, எங்களைச் சோதித்துப் பார்க்கவும் இல்லை. தன் சாமிக்கு வைப்பதற்கு முன்னால் எங்களுக்கு எடுத்து வைத்தார். தன் பக்தியில் அவருக்கு ஒரு குறையும் வரவில்லை. எங்கள் உம்மாவும் அப்படித்தான். அந்த வீட்டில் இறைச்சி புழங்காது என்பதால் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அங்கே இறைச்சி போகாது. தனி அடுப்பு, தனிச் சட்டி வைத்துக் காய்ச்சிய பாயசம்தான் போகும். என்னால் எது முடியும், எது முடியாது என்று ஒருவருக்கொருவர் தெரிந்து வைத்திருந்தார்கள். இந்த நுட்பத்தை நாம் எப்போது மறந்தோம்?

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் வந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். முஸ்லிம் உலகம் முழுவதும் இருப்பதுதான். ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் மத்திய ஆசியாவிலும் வசந்தத்தின் முதல் நாளை நவ்ரூஸ் என்று கொண்டாடுகிறார்கள். இஸ்லாத்துக்கு முந்தைய பழக்கம் அது. சோவியத் ஆட்சி அதை மதத்தின் மிச்சம் என்று நினைத்து ஒடுக்கியது. தாலிபான்கள் அதை மதத்துக்கு விரோதம் என்று சொல்லித் தடுத்தார்கள். ஒரே நாள், அதை ஒடுக்க இரண்டு நேர் எதிரான காரணங்கள். மக்களோ இரண்டு காலத்திலும் வீட்டுக்குள் அதை வைத்துக்கொண்டே இருந்தார்கள். எகிப்தில் ஷம்முன் நஸீம் என்று ஒரு நாள் இருக்கிறது. கிப்தி கிறிஸ்தவர்களின் ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஆற்றங்கரைக்கும் பூங்காவுக்கும் போய், உப்பில் ஊறவைத்த மடவை மீனும் வெங்காயமும் சாப்பிடுவார்கள். குளச்சல்காரர்களுக்கு உப்பு மீனின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கேயும் கூடாது என்கிற ஆலிம்கள் உண்டு, சமூக வழக்கம்தானே என்கிற ஆலிம்களும் உண்டு. மக்காவும் மதீனாவும் இருக்கிற சவூதியிலேயே செப்டம்பர் 23 தேசிய நாளுக்கு 2005இல்தான் பொது விடுமுறை வந்தது. இரண்டு பெருநாளைத் தவிர மற்றொன்று வேண்டாம் என்று அதுவரை அங்கே ஆலிம்கள் எதிர்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தோனேசியாவில் நடந்தது இன்னும் யோசிக்க வைக்கும். 1981இல் அந்நாட்டு உலமா மன்றம், கிறிஸ்துமஸ் விழாக்களில் முஸ்லிம்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று ஃபத்வா கொடுத்தது. அரசு அதைத் திரும்பப் பெறச் சொல்லி நெருக்கியது. மன்றத்தின் தலைவராக இருந்த பெரிய அறிஞர் ஹம்கா பதவியை விட்டு விலகினார், ஃபத்வாவை விடவில்லை. அவர் முடிவோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. பக்கத்து வீட்டாரின் மகிழ்ச்சியில் பங்கெடுக்க, வணக்கத்தைத் தொடாத வழி நிறைய இருக்கிறது என்று நினைக்கிறவள் நான். ஆனால் ஒருவர் மனசாட்சியின்படி வேண்டாம் என்று சொல்வதை அரசு நெருக்கி மாற்ற நினைப்பது எனக்கு இன்னும் பெரிய தவறாகப் படுகிறது.

அதனால்தான் பள்ளிகளுக்கு ஒரு ஆசிரியையாகச் சொல்கிறேன். கொண்டாடுங்கள். பிள்ளைகள் கூடி உண்பதைப் போன்ற பாடம் புத்தகத்தில் கிடையாது. ஆனால் வராத பிள்ளையின் பெயரைக் கரும்பலகையில் எழுதாதீர்கள், ஏன் வரவில்லை என்று எல்லோர் முன்னிலும் கேட்காதீர்கள். பூ போடாமல் கயிறு மட்டும் இழுக்கிற பிள்ளை இருக்கட்டும். சாப்பிட மட்டும் வருகிற பிள்ளையும் இருக்கட்டும். நான் வேலையில் இருந்த காலத்தில், விழாவுக்கு வராத ஒரு மாணவியை இறைவணக்கக் கூட்டத்தில் நிற்க வைத்ததை என் கண்ணால் பார்த்தேன். நான் அன்று வாய் திறக்கவில்லை. இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

ஜமாஅத்துகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஜும்ஆவின் குத்பா உரையில் மார்க்கத்தைச் சொல்லுங்கள், அது உங்கள் கடமை. ஆனால் யார் ஈமானை யார் அளப்பது? உள்ளத்தில் இருப்பதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவன்தான் என்று நாமே தினம் சொல்கிறோம். ஓண இலையில் உட்கார்ந்தவனை, தொழுகை வரிசையான ஸஃப்பில் பக்கத்தில் நின்றவன் முறைத்துப் பார்த்தால் அந்தத் தொழுகையில் என்ன ஓர்மை இருக்கும்? அதேபோல, போகாதவனைத் தீவிரவாதி என்று நம் பிள்ளைகளே கிண்டல் செய்வதும் கேட்கச் சகிக்கவில்லை.

எங்கள் தெருவில் ஒரு தம்பி இருக்கிறான். ஓரிறைக் கொள்கையை வலியுறுத்தும் தவ்ஹீது வழியில் மிகவும் பிடிப்பானவன். ஓணத்துக்கும் போக மாட்டான், மீலாதுக்குப் பங்கிடும் சீரணி உணவும் வாங்க மாட்டான். அந்தத் திருவோணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அவன் பக்கத்து வீட்டு அம்மாவிடம் நேரே போய், "அம்மா, ஓணத்தன்னைக்கு நான் வர மாட்டேன், எனக்குக் கூடாது. மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க" என்று சொல்லியிருக்கிறான். அந்த அம்மா, "அதுக்கென்ன மக்களே, அவிட்டத்தன்னைக்கு வா" என்றாராம்.

அவிட்டம் என்பது திருவோணத்துக்கு மறுநாள், சனிக்கிழமை. பேத்தி விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு நான் அங்கே போனபோது, திண்ணையில் உட்கார்ந்து அவன் பழங்கறி ஊற்றிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முந்தின நாள் மிஞ்சிய கறிகளை ஒன்றாகச் சுண்டவைத்தது, திருவோணச் சாப்பாட்டைவிட ருசி என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். பேத்தி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்த அம்மாவிடம் போய், "பாட்டி, எனக்குக் காய்ச்சல் எதுவும் வரல்ல, ஸ்கூல்ல சும்மா சொன்னேன்" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சரி மோளே, உட்காரு என்று சொல்லி அவளுக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தார்.

கேட்டுக்கொண்டிருந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. வணக்கம், வஸ்ஸலாம்.