நீலத் தொட்டி யாருக்கு எட்டுகிறது?

அக்கம்பக்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூரில் 2014 முதல் ஒவ்வொரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குக்கும் ஒரு நீல மறுபயனீட்டுத் தொட்டி இருக்கிறது. ஆனாலும் 2023இல் வீடுகளின் மறுபயனீட்டு விகிதம் வெறும் 12 விழுக்காடு. தொட்டிக்குள் போவதிலும் ஏறக்குறைய 40 விழுக்காடு, சாப்பாடு ஒட்டியும் சேரக்கூடாத பொருள் கலந்தும் கெட்டுப்போகிறது. உடனே "சனங்களுக்கு அக்கறை இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. தொட்டி இருக்கும் இடத்தைக் கொஞ்சம் பாருங்கள்.

பழைய புளோக்குகளில் குப்பைக்குழாய் அடுப்படியிலேயே இருக்கிறது. மூடியைத் திறந்தோம், போட்டோம், முடிந்தது. நீலத் தொட்டிக்குப் போக வேண்டுமானால் மின்தூக்கியில் இறங்கி, கீழ்த்தளத்தைக் கடந்து, சில இடங்களில் நடைபாதை விளிம்பில் ஒரு படியும் இறங்க வேண்டும். முழங்கால் வலியோடு கைத்தடி ஊன்றி வரும் பாட்டிக்கு ஒரு கையில் தடி, மறு கையில் பை. மூடியை எந்தக் கையால் தூக்குவார்? சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்த மூடி முகத்துக்கு நேரே நிற்கும். பார்வை மங்கியவருக்கு அதில் எழுதியிருக்கும் பட்டியல் தெரியவே தெரியாது. 2030இல் நம் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார். அதனால் இதை யாரோ சிலருடைய சங்கடம் என்று தள்ளிவிட முடியாது.

வசதி செய்து கொடுத்தால் மக்கள் செய்வார்கள் என்பதைப் பொங்கோலில் கண்டோம். அங்கே ட்ரீலாட்ஜ் குடியிருப்பில் ஒவ்வொரு மாடியிலும் மறுபயனீட்டுக்கென்று தனிக் குழாய் வைத்தார்கள். தொட்டி மட்டும் இருந்த புளோக்குகளைவிட மூன்று மடங்கு வரை பொருள் சேர்ந்தது. 2014 முதல் புதிய வீவக வீடுகளுக்கு அதுவே வழக்கமாகிவிட்டது. சரி, பழைய புளோக்கில் இருக்கும் நாம் என்ன செய்வது? மாடிதோறும் தொட்டி வைக்கலாம் என்றால், பொது நடைவழியில் 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது தீயணைப்பு விதி. அந்த விதி உயிர் காப்பது, அதில் கை வைக்கக் கூடாது.

ஆகவே கீழ்த்தளத்தில், மின்தூக்கி வாசலுக்குப் பக்கத்திலேயே இடம் கேட்போம். வழியில் படி இருக்கக் கூடாது, இரவிலும் வெளிச்சம் வேண்டும். தொட்டியின் வாய் பக்கவாட்டில், உட்கார்ந்தபடியே கை எட்டும் உயரத்தில் இருக்கட்டும். பையை இறக்கிவைக்க அருகில் ஒரு சிறு மேடை. என்ன போடலாம், என்ன கூடாது என்பதைப் பெரிய படங்களாகவே காட்டலாம். நான்கு மொழியிலும் எழுதுவது நல்லதுதான், ஆனால் இந்தோனேசியாவிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்த இல்லப் பணிப்பெண்தான் பல வீடுகளில் குப்பையைக் கீழே கொண்டுவருகிறார். படம் அவருக்கும் புரியும்.

இன்னொருவரைக் கடைசியில் நினைப்பதே நம் வழக்கமாக இருக்கிறது. தினமும் தொட்டியைச் சுற்றிக் கூட்டிப் பெருக்கும் துப்புரவு ஊழியர். வங்காளதேசத்திலிருந்தும் நம் தமிழ்நாட்டிலிருந்தும் வந்த தம்பிகள். உடைந்த கண்ணாடியும் டயாப்பரும் அவர்கள் கையில்தான் படுகின்றன. எங்கே நீர்க்குழாய் வேண்டும், எந்த மூலையில் தள்ளுவண்டி திரும்பாது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். வரைபடம் போடுவதற்கு முன்பே அவர்களைக் கேட்க வேண்டும்.

ஒரு காலத்தில் பல புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. 2001இல் மேம்பாட்டுத் திட்டம் வந்தது, கட்டி முடித்த கட்டடத்தையே திருத்தினார்கள். அதோடு ஒப்பிட்டால் ஒரு தொட்டியை இடம் மாற்றுவது பெரிய வேலையே இல்லை. நகர மன்றத்துக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடும் முன், உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரோடு தொட்டிவரை நடந்து பாருங்கள். அவர் எங்கே தயங்கி நின்றார் என்பதையும் அந்த மனுவிலேயே எழுதுங்கள்.